நான் மூடாமல் விட்ட புத்தகம்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மாவாகப் போகிற எனக்கே இப்போது பதினான்கு வயதுதான். எங்கள் தமிழாசிரியர் போன வாரம் ஒரு கட்டுரை எழுதி வரச் சொன்னார். வெளிநாட்டுக்குக் கிளம்பும் மகனுக்குத் தாயோ தந்தையோ எழுதும் கடிதம் என்பது தலைப்பு. வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். நான் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தும்விட்டேன். நன்றாகப் படி, நேரத்துக்குச் சாப்பிடு, பெரியவர்களை மதி என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆசிரியர் சிவப்பு மையில் ‘நன்று’ என்று எழுதினார். ஆனால் உன்னிடம் நான் சொல்ல வேண்டியது அதில் ஒன்றுகூட இல்லை. அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன். நீ மீசை வைத்த ஆளாகி என்னைவிட்டு எங்கேயோ கிளம்பும் நாளில் உன் பெட்டிக்குள் இதை வைப்பேன். அன்று எனக்கு நரை வந்திருக்கும். இன்றைக்குப் பயம்தான் வந்திருக்கிறது.

நான் எழுதுவது யாருக்கும் தெரியாது. எங்கள் பட்டறைக்கு மேல்மாடியில் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அப்பாவும் அம்மாவும். அப்பா என்று நான் எழுதுவதெல்லாம் உன் தாத்தாவை. சந்து விளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாக நோட்டில் விழுகிறது. பென்சில் உரசும் சத்தம் அப்பாவுக்குக் கேட்காது, அம்மாவுக்குக் கேட்கும். நாளைக்கு ஆயுத பூஜை. சாயங்காலமே அப்பா உலையை அணைத்துச் சாம்பலை வாரிவிட்டார். சுத்தியல், குறடு, சம்மட்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் பலகையில் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. இனி விஜயதசமி காலைவரை அவற்றை யாரும் தொடக் கூடாது, உலையும் எரியக் கூடாது. பக்கத்தில் என் பள்ளிப் புத்தகங்களும் அடுக்கியிருக்கின்றன. நாளை முழுக்க நான் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. இந்த ஒரு நோட்டை மட்டும் நான் கொடுக்கவில்லை.

முதலில் உனக்குப் பெருமையான விஷயத்தைச் சொல்கிறேன். அப்பா இரும்பில் கொடி வளர்ப்பவர். தேக்கா மார்க்கெட்டைத் தாண்டி, சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் எங்கள் பட்டறை இருக்கிறது. முன்பு மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை அடித்த இடம். இப்போது ஊரெல்லாம் புது வீடு கட்டுகிறார்கள். எல்லோருக்கும் வாசலில் அழகான கேட் வேண்டும், ஜன்னலுக்குப் பூ வைத்த கம்பி வேண்டும். அப்பா சாக்பீஸால் தரையில் ஒரு கொடியை வரைவார். அது காய்கிற கம்பியில் ஒவ்வொரு வளைவாக எழுந்து வரும். மற்றவர்கள் கொடியின் நுனியைச் சுருட்டி அப்படியே விட்டுவிடுவார்கள். அப்பா அந்தச் சுருளுக்குள்ளே ஒரு சின்னப் பூமொட்டு செய்து வைப்பார். குனிந்து பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு பஸ்ஸிலிருந்தே தெரியும். இங்கிருந்து காத்தோங் போகும் வழியில் அப்படிப் பதினோரு கேட்டுகள் இருக்கின்றன. அம்மா துருத்திச் சக்கரத்தைச் சுற்றுவாள். பெரிய வேலை என்றால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மட்டியும் அடிப்பாள். அம்மா அடிக்கிற வேகத்தைப் பார்க்கவே சந்தில் ஆட்கள் நிற்பார்கள்.

இவ்வளவு பெருமை இருந்தும் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். பள்ளியில் அப்பாவின் வேலை என்ன என்று எழுதச் சொன்னபோது ‘கடை வைத்திருக்கிறார்’ என்று எழுதினேன். என் சட்டையில் கரி வாசம் அடிக்கிறது என்று பின்வரிசையில் யாரோ சொன்னதற்கு மறுநாள் அது. பிறகு ஒருநாள் பள்ளிப் பயணத்தில் பஸ் அப்பாவின் ஏழாவது கேட்டைத் தாண்டியது. பக்கத்தில் இருந்தவள் “அந்த கேட் பாரேன், எவ்ளோ அழகு” என்றாள். நான் பார்த்தேன், தலையாட்டினேன், வாயைத் திறக்கவில்லை. பஸ் திரும்பி, அது கண்ணுக்கு மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உனக்கு அப்படி ஒரு நேரம் வந்தால் சொல்லிவிடு. சொல்லாமல் விட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது பயத்துக்கு வருகிறேன். இரண்டு இரும்பை ஒன்றாக்க அப்பா மின்சாரம் வைத்துப் பற்றவைப்பதில்லை. இரண்டையும் வெள்ளையாகக் காயவைத்து, வெண்காரத்தைத் தூவி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அடிப்பார். சரியான நொடியில் அடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், கோடுகூடத் தெரியாது. அதற்கு ஒட்டு என்று பெயர். ஒரு மூச்சு முந்தினாலும் பிந்தினாலும் ஒட்டு பிடிக்காது. ஆனால் வெளியே பார்த்தால் பிடித்த மாதிரியேதான் இருக்கும். அதனால் ஆறியதும் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல ஒட்டு மணி மாதிரி இழுத்துக்கொண்டே போகும். பிடிக்காத ஒட்டு ‘டொக்’ என்று அங்கேயே செத்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் நான் பட்டறையில் பெட்டிமேல் உட்கார்ந்து பூகோளப் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு ஒட்டைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி தட்டினார், மறுபடி என்னைப் பார்த்தார். சத்தம் நன்றாக இல்லாததால் நான் முகத்தைச் சுளித்துப் புத்தகத்தை மூடினேன். அப்பா உடனே அந்தக் கம்பியைத் திரும்ப உலையில் போட்டார். அடுத்தமுறை நன்றாக இழுத்தது. நான் படிப்பைத் தொடர்ந்தேன், அப்பா அடுத்த வேலைக்குப் போனார். அன்றைக்கு அது விளையாட்டு என்று நினைத்தேன். நாலைந்து நாள் கழித்துத்தான் புரிந்தது. பதினாறு வயதிலிருந்து, இரும்பை வைத்து அடிக்கிற அடைகல்லுக்குப் பக்கத்தில் நின்று நின்று, அப்பாவின் காதிலிருந்து அந்த மெல்லிய சத்தங்கள் போய்விட்டன. தட்டுவது அப்பா, கேட்பது நான். புத்தகம் திறந்திருந்தால் நல்ல ஒட்டு. மூடினால் கெட்ட ஒட்டு. இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் பேசிக்கொண்டதில்லை. பார்க்கிறவர்களுக்கு, அப்பா வேலை செய்கிறார், மகள் படிக்கிறாள். அவ்வளவுதான்.

காத்தோங்கில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா புது வீட்டுக்கு கேட் செய்யச் சொல்லியிருந்தார். அப்பா இதுவரை செய்ததிலேயே பெரியது. அதை மாட்டுகிற மேல் வளையத்திலிருந்துதான் கொடியே புறப்படும். கதவின் பாரம் முழுவதையும் அந்த ஒரு வளையம்தான் தாங்கும். நாலு நாளைக்கு முன்னால் அந்த ஒட்டை அடிக்கும்போது சித்தப்பா வந்திருந்தார். அவர் அப்பாவின் சின்னையா மகன், அப்பாவுக்குத் தம்பி முறை. ஜாலான் புசார் பக்கத்தில் மின்சார மிஷின் வைத்துப் பற்றவைக்கும் கடை நடத்துகிறார். தன் ஆட்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு, கையில் தேநீர்க் கிளாஸோடு நின்றார். முதல் ஒட்டுக்கு நான் புத்தகத்தை மூடினேன். இரண்டாவதற்கும் மூடினேன். அப்பா மூன்றாவது தடவை கம்பியை உலைக்குள் தள்ளினார்.

“என்னண்ணே, மூணாந்தடவையா? கை தளந்துருச்சா, இல்ல காது தளந்துருச்சா?” என்றார் சித்தப்பா. அந்த மூன்று பேரும் சிரித்தார்கள். “என் மிஷின்ல ஒரு கம்பி பிடிச்சா ரெண்டு நிமிஷம் லா. இந்தக் காலத்துல யாரு உக்காந்து அடிச்சுக்கிட்டு இருப்பா?”

அம்மா சக்கரத்தைச் சுற்றினாள். கம்பி வெளியே வந்தது, அடி விழுந்தது. ஆறியதும் அப்பா அதைக் கம்பிக்கொக்கியில் தொங்கவிட்டுத் தட்டினார். சித்தப்பா பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சுக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. டொக். அப்பா என்னைப் பார்த்தார். நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியும் துடைக்காமல் பார்த்தார். நாலு பேர் அவரைப் பார்த்துச் சிரிக்கக் காத்திருந்தார்கள். என் விரல் மலாயாவின் ஆறுகள் என்ற படத்தின்மேல் இருந்தது. நான் புத்தகத்தை மூடவில்லை. பக்கத்தைத் திருப்பினேன்.

“எப்படிப் பிடிச்சிருக்கு பாத்தியாடா?” என்று அப்பா சித்தப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். அந்தச் சிரிப்பு என் வாயைக் கட்டிவிட்டது.

மறுநாள் அந்த அம்மா தன் ஐந்து வயதுப் பெண்ணோடு கேட்டைப் பார்க்க வந்தார். அதற்குள் வளையம் கேட்டில் சேர்ந்துவிட்டது. குழந்தை கொடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. “இவள் நாள் முழுக்க கேட்டிலதான் தொங்குவாள், பாருங்கோ. தாங்குமோ?” என்று அந்த அம்மா கேட்டார். அப்பா அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, “தொங்கட்டும்மா. ஒண்ணு இல்ல, நாலு பிள்ளைங்க தொங்கட்டும். நான் செஞ்சது” என்று சொல்லி, மேல் வளையத்தைக் கையால் தட்டிக் காட்டினார். அதே வளையத்தை.

அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கேட் சாய்கிறது, அடியில் அந்தக் குழந்தையின் கால் தெரிகிறது. முந்தாநாள் சொல்லியிருக்கலாம், உலை எரிந்துகொண்டிருந்தது. நேற்றுச் சொல்லியிருக்கலாம், நேற்றும் எரிந்தது. சொன்னால் இரண்டு விஷயம் வெளியே வரும். நான் பொய் சொன்னது ஒன்று. அப்பாவுக்குக் கேட்காது என்பது இன்னொன்று. காது போன கொல்லனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று சித்தப்பாவே ஒருதடவை வேறு யாரையோ பற்றிச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். நாளைக் காலை பூஜை முடிந்ததும் லாரி வருகிறது. நாளை மறுநாள் விடியற்காலை அவர்கள் வீட்டில் புதுமனை புகுவிழா, அதற்குள் கேட் மாட்டியாக வேண்டும். இப்போது உலை சாம்பல்கூட இல்லாமல் குளிர்ந்து கிடக்கிறது, சுத்தியல் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நான் காத்திருந்து காத்திருந்து, எந்த நாளில் எதுவுமே செய்ய முடியாதோ அந்த நாளில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். காலையில் சொல்வேனா என்று எனக்கே தெரியவில்லை. உனக்குப் புத்தி சொல்ல உட்கார்ந்த அம்மா இப்படி இருக்கிறாள், பார்த்துக்கொள்.

மகனே, இன்று விஜயதசமி. இன்று எழுதலாம். நேற்று ஒரு நாள் விட்டுப்போனதால், விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

நேற்றுக் காலை சந்தில் இருக்கிற எல்லோரும் பூஜைக்கு வந்தார்கள். சித்தப்பாவும் அவருடைய ஆட்களும் வந்தார்கள். எதிர்ப் பட்டறைச் சீனக் கொல்லரும் வந்தார். அவரை நாங்கள் ஆ பெக் என்றுதான் கூப்பிடுவோம். தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் தம்பி, அதை வைத்துத்தான் அப்பாவைக் கூப்பிடுவார். மற்றதெல்லாம் பாசார் மலாய், சந்தையில் எல்லோரும் பேசுகிற மலாய். அவர் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். வருஷா வருஷம் எங்கள் சுண்டலுக்காகவே அவர் தன் உலையை அரைமணி நேரம் விட்டுவிட்டு வருவார். கற்பூரம் காட்டியாயிற்று. அப்பா பொரியும் சுண்டலும் எடுத்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“அப்பா, அந்த மேல் வளையம்...”

“இன்னும் கொஞ்சம் சுண்டலா? அம்மாகிட்ட கேளும்மா, இது வந்தவங்களுக்கு.”

இன்னொரு தடவை சொன்னேன். அப்பா என் தலையைத் தடவிவிட்டு நகர்ந்துவிட்டார். அவருக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டுமானால் நான் கத்த வேண்டும். கத்தினால் சந்துக்கே கேட்கும். வாசலில் லாரி வந்து நின்றது. அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். நேரே சாமி படத்துக்குப் போய், அடுக்கிலிருந்து பூகோளப் புத்தகத்தை உருவினேன். மேலே இருந்த பூ கீழே விழுந்தது.

“பாப்பா, என்னடி பண்றே? இன்னைக்குப் புத்தகத்தைத் தொடலாமா?” என்று அம்மா ஓடிவந்தாள்.

சுவரில் சாய்த்திருந்த கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். புத்தகத்தைத் திறந்து பிடித்தேன். எல்லோரும் என்னைப் பார்த்ததால் அப்பாவும் திரும்பினார். நான் மேல் வளையத்தைக் கையால் தொட்டுக் காட்டினேன். பிறகு அவர் கண்ணைப் பார்த்தபடியே புத்தகத்தை மூடினேன்.

அப்பா கையில் இருந்த தட்டு அசையவில்லை. அங்கே இருந்த இருபது பேரில் ஒருவருக்கும் என்ன நடந்தது என்று தெரியாது. அவருக்கு மட்டும் தெரிந்தது. மெதுவாகத் தட்டைக் கீழே வைத்தார். “அன்னைக்கேவா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“என்னண்ணே, பிள்ளை என்ன சொல்லுது?” என்றார் சித்தப்பா.

அப்பா ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். குழந்தை ஏதோ விளையாடுகிறாள் என்று சொல்லியிருக்கலாம். “ஒட்டு பிடிக்கலைங்குது” என்றார்.

“இதுக்கு எப்படித் தெரியும்?”

“இதுக்குக் கேக்கும். எனக்குக் கேக்காது.” அப்பா எல்லோர் பக்கமும் திரும்பினார். “ரெண்டு வருஷமா எனக்கு அந்தச் சத்தம் கேக்கலை. தட்டுறது நான், கேக்குறது பாப்பா.”

சித்தப்பா கையில் இருந்த சுண்டலைக் கீழே வைத்தார். பிறகு, “அப்ப அன்னைக்கு நான் சொன்னதெல்லாம்?” என்றார்.

“பாதி கேட்டுச்சு. மீதியை உன் மூஞ்சியிலேயே பாத்துக்கிட்டேன்.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இப்பவாச்சும் சொன்னீங்களே. சாப்பாட்டுக்குக் கூப்பிட மாடிப்படி ஏறி எறங்கி என் முட்டி போச்சு” என்றாள். யாரோ சிரித்தார்கள். ஆ பெக் என்ன விஷயம் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவர் மலாயில் சொன்னார். ஆ பெக் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். அவர் கத்திச் சொன்னார். “அட, இதுவா? மூணு வருஷமா எனக்குத் தெரியும் லா, தம்பி. நான் கூப்பிட்டா நீ திரும்ப மாட்ட. கர்வம்னு நெனச்சு உன் மேல கோவமா இருந்தேன். அப்புறம் என் பெண்டாட்டி கூப்பிட்டு நான் திரும்பலை. அப்பதான் புரிஞ்சுது.”

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அப்பாவுக்கு அதுவும் கேட்கவில்லை போல. அவர் குளிர்ந்த உலையையும் சந்தனம் வைத்த சுத்தியலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தப்பா, பழைய சித்தப்பாவாக இருந்தால் அப்போது என் மிஷின் இருக்கிறது என்றுதான் ஆரம்பித்திருப்பார். ஆனால், “என் மிஷினும் குங்குமம் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குண்ணே, நான் என்ன பண்ணட்டும்?” என்றார்.

ஆ பெக் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே சந்தின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். அவருடைய உலை கனன்றுகொண்டிருந்தது. “உன் சாமி உன் சுத்தியலுக்குத்தானே லீவு குடுத்தாரு? என் சுத்தியலுக்குக் குடுக்கலையே.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். “சுத்தியலுக்குத்தாங்க சந்தனம் வெச்சோம். உங்க கைக்கா வெச்சோம்? போங்க” என்றாள் அம்மா.

ஆறு பேர் கேட்டைத் தூக்கிக்கொண்டு சந்தைத் தாண்டினார்கள். சித்தப்பா ஒரு மூலையைப் பிடித்தார். ஆ பெக்கின் உளியை வளையத்தில் வைத்து அப்பா ஒரே ஒரு தட்டுத் தட்டினார். ஒட்டு என்று நினைத்திருந்த இடம் வாய் பிளந்தது. உள்ளே கருப்பாகச் செதில் தெரிந்தது. நான் அந்தக் குழந்தையின் காலை நினைத்துக்கொண்டேன். கொடி கருகாமல் இருக்க ஈரச்சாக்கைச் சுற்றினார்கள். கேட்டைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு வளையத்தை மட்டும் உலைக்குள் நீட்டினார்கள். அம்மா யாரையும் கேட்காமல் ஆ பெக்கின் துருத்தியைப் பிடித்துக்கொண்டாள். வளையம் வெள்ளையானதும் அப்பா குறடால் பிடித்துச் சேர்க்க, ஆ பெக் அடித்தார்.

கேட்டோடு சேர்ந்த வளையத்தில் சத்தம் குறைவாகத்தான் வரும். அதனால் சித்தப்பா சந்து முனைக்குப் போய்க் காப்பிக்கடை ரேடியோவை நிறுத்தச் சொன்னார், லாரியை அணைக்கச் சொன்னார். அப்பா தட்டினார். என் கையில் புத்தகம் இல்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஆ பெக்கின் முகம், என் அடி எப்படிப் பிடிக்காமல் போகும் என்கிற மாதிரி இருந்தது. சத்தம் கொஞ்சம் இழுத்தது, பாதியில் நின்றது.

“இன்னும் பிடிக்கலைப்பா” என்றேன்.

“நல்லாத்தானே தெரியுது, அனுப்புங்கண்ணே” என்று கேட்டைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் சொன்னார். அவருடைய கைகளும் வலித்திருக்கும். லாரிக்காரர், “காத்தோங்ல ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க” என்றார். நான் இன்னும் சத்தமாக, “பிடிக்கலை” என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மகனே, உன் அம்மாவைப் பற்றி நீ பெருமைப்பட ஏதாவது வேண்டுமென்றால் இந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொள். முதல் தடவை சொன்னதைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது.

“பாப்பா சொல்லிட்டா. இன்னொரு தடவை” என்றார் அப்பா.

ஆ பெக் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சுத்தியலை அப்பாவிடம் நீட்டினார். தான் குறடைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சுத்தியல் அப்பாவின் சுத்தியலைவிடக் கனமானது, காம்பும் நீளம். அப்பா அதைக் கையில் இரண்டுமுறை தூக்கிப் பார்த்துக்கொண்டார். வளையம் வந்தது. மூன்று அடி. அப்புறம் ஆறும்வரை எல்லோரும் நின்றார்கள். அப்பா தட்டினார். சத்தம் வளையத்தில் கிளம்பி, கொடியில் ஏறி, ஒவ்வொரு மொட்டாகத் தாண்டி, கேட்டின் மறுகோடிவரை போனது. நான் அப்பாவைப் பார்த்தேன். சிரித்தேன். அப்பா அதைப் பார்த்தார். பார்த்ததும் அவரும் சிரித்தார். ஆ பெக், “போலே லா, போலே”, பரவாயில்லை என்று மலாயில் சொல்லிக்கொண்டே மீதிச் சுண்டலைக் கேட்டார்.

சாயங்காலம் நானும் அப்பாவும் மட்டும் பட்டறையில் இருந்தோம். “அன்னைக்கு ஏம்மா மூடலை?” என்று கேட்டார். “எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்கப்பா” என்றேன், அவர் பார்க்கும்படி வாயை நன்றாக அசைத்து. அப்பா கொஞ்சம் யோசித்து, “பாத்தா பாத்துட்டுப் போறாங்க” என்றார். பிறகு, “உன்னை அப்படி உக்கார வெச்சது என் தப்பு” என்றார். அடிப்பார் என்று நான் பயந்திருந்தேன். அடித்திருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

இன்று காலை பூஜையிலிருந்து சுத்தியலை எடுத்த அப்பா, வருஷத்தின் முதல் தட்டைத் தட்டச் சொல்லி அதை என் கையில் கொடுத்தார். அதற்கு முன் நாங்கள் காத்தோங் போய்விட்டு வந்திருந்தோம். விடிந்தும் விடியாமல் அந்த வீட்டில் பால் காய்ச்சினார்கள். யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தை கேட்டில் ஏறித் தொங்கி, முன்னும் பின்னும் ஆடியது. கீல் கிறீச்சென்றுகூடச் சொல்லவில்லை. அந்த அம்மா எங்களைப் பார்த்து, “இவர்தான் செய்தவர்” என்று தன் வீட்டாரிடம் சொன்னார். அப்பா, “நானும் என் மகளும்” என்றார். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த ஓர் அக்கா ஜன்னல் வழியாக ஒரு கேட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். “அது எங்கப்பா செஞ்சதுக்கா. நுனியில மொட்டு இருக்கும் பாருங்க” என்றேன். அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். மத்தியானம் ஆ பெக் எதிர்ப்பக்கத்திலிருந்து கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். அவரும் ஒரு கம்பியைத் தொங்கவிட்டு, தட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்கிறார். “ரெண்டு பட்டறைக்கும் ஒரே காதுதான் போல” என்று சித்தப்பா சொன்னாராம். வேலை போய்விடும் என்று நான் பயந்தது நடக்குமா நடக்காதா, இனிமேல்தான் தெரியும். ஆனால் அப்பா இப்போது தலையை நிமிர்த்தி, “சத்தமா பேசு, எனக்குக் கேக்காது” என்று எல்லோரிடமும் சொல்கிறார்.

மகனே, நீ இதைப் படிக்கும்போது எனக்கும் ஏதாவது ஒன்று போயிருக்கும். காதோ, கண்ணோ, நினைவோ. வெளியே சொல்ல வெட்கப்பட்டு நானும் மறைப்பேன், எனக்குத் தெரியும். ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று உன் முகத்தைப் பார்ப்பேன். சுற்றி நாலு பேர் நிற்பார்கள். நான் வியர்த்துப்போய் நிற்பேன். என்மேல் உனக்குப் பிரியம் இருக்கும், அதனாலேயே உனக்குப் பொய் சொல்லத் தோன்றும். அப்போது சொல்லாதே. மூடிவிடு. அடுத்த உலைக்கு நான் நடந்தே போவேன், எனக்கு ஒன்றும் ஆகிவிடாது.

இரண்டு நாளாக இந்த நோட்டைப் பாய்க்கு அடியில் வைத்திருந்தேன். காலையில் அப்பா தேநீர் குடிக்க உட்காரும் பலகைமேல் இன்று வைக்கப் போகிறேன். அவர் எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் படிப்பார். முதல் பக்கத்தைத் திறந்து, மூடாமல் வைக்கிறேன். திறந்திருந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா